லத்வியாக்காரரின் வாளி

என் மாமா மனமாரத் திட்டியது இரண்டே இரண்டு பேரைத்தான். ஒருவர் அவருடைய அகதி வழக்கை நான்கு வருடம் இழுத்தடித்த வக்கீல். மற்றவர் லத்வியாவிலிருந்து மொன்றியலுக்கு வந்து ஐஸ் ஹொக்கி விளையாடிய ஒரு மனிதர். வக்கீலைத் திட்டியதில் நியாயம் இருந்தது. லத்வியாக்காரர் செய்த குற்றம் அளவுக்கு மிஞ்சி உழைத்தது ஒன்றுதான்.

எனக்கு அப்போது எட்டு வயது. புரோசார்டில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். ஒன்று அப்பா அம்மாவுக்கு, ஒன்று எனக்கு, மாமாவுக்கு ஹோல். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பகலில் மடித்துச் சுவரோரம் சாத்தி வைக்கிற மெத்தை ஒன்றில்தான் அவர் படுப்பார். ஒரு கட்டில் வாங்கு என்று அம்மா சொல்லும்போதெல்லாம் "கேஸ் முடியட்டும் அக்கா" என்பார். கேஸ் முடிந்து, பேப்பர் கைக்கு வந்து ஒரு வருடமாகியும் கட்டில் வரவில்லை. அவருடைய உடுப்புகள் இன்னமும் சோபாவுக்குப் பின்னால் சூட்கேஸிலேயே கிடந்தன. மாமாவுக்குச் சோம்பல் என்று அப்பா சொல்லுவார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சோம்பல் என்றால் அது வீட்டுக்குள் மட்டும்தான். விடிய ஐந்து மணிக்கே மாமா பக்கத்து ஹொக்கி அரங்கத்தில் வேலை தொடங்கிவிடுவார். அங்கே இரண்டு பனித்தளங்கள் இருந்தன. ஒன்றில் நகரத்தின் பெரிய அணி காலையில் பயிற்சி செய்யும். மற்றது ஊர்ச் சனத்துக்கு. மாமா உடுப்பு மாற்றும் அறைகளைக் கூட்டித் துடைப்பார், குப்பை எடுப்பார். ஆனால் யாராவது "என்ன வேலை?" என்று கேட்டால் இதெல்லாம் அவருடைய வாயில் வராது. "ஐஸ் மெசின் ஓடுறன்" என்பார். சறுக்குக் கத்திகள் கீறிப் போட்ட தளத்தை வழித்து, மேலே சுடுதண்ணீர் விட்டுக் கண்ணாடியாக்கும் மெசின் அது. அதன் உயரமான இருக்கையில் முதுகை நிமிர்த்திக்கொண்டு அவர் வட்டம் வரும்போது எங்கள் மாமாதானா இது என்று எனக்கே சந்தேகம் வரும்.

சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் சறுக்கப் போவோம். நேரம் முடிந்ததும் மாமா மெசினோடு வாசலில் வந்து நின்று ஹார்ன் அடிப்பார். அதிலே அவருக்கு ஒரு தனி ஆனந்தம். ஒரு நிமிடம் பிந்தினாலும் இன்னொரு தரம் அடிப்பார். மருமகள் என்று எனக்குச் சலுகை எதுவும் கிடையாது. விழுந்து எழும்பி, கைத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கரைக்கு ஓடுவோம்.

மார்ச் மாத ஆரம்பத்தில் பள்ளிக்கூடம் ஒரு கிழமை பூட்டுவார்கள். அந்த வருடம் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அப்பாவுக்குச் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் பகல் வேலை. அம்மா பேக்கரியில் பன்னிரண்டரை வரை. அதனால் மாமா என்னை நித்திரைக் கண்ணோடு எழுப்பித் தன்னோடு அரங்கத்துக்குக் கூட்டிப்போனார். வேலை முடிந்து அம்மா நடந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார் என்று ஏற்பாடு.

முதல் நாளே லத்வியாக்காரரைக் கண்டேன். மூக்கு ஒரு பக்கம் வளைந்திருந்தது. சட்டையில் எழுபத்து நான்கு என்ற இலக்கம். அவ்வளவு பெரிய இலக்கத்தைப் பார்த்து நான் அவரைப் பெரிய ஆள் என்று நினைத்துவிட்டேன். மாமா என் மரியாதையை உடனேயே கலைத்துவிட்டார். அங்கே பெரிய ஆட்களுக்கெல்லாம் சின்ன இலக்கம். இன்றைக்கோ நாளைக்கோ அனுப்பிவிடலாம் என்று நினைக்கிற ஆட்களுக்குத்தான் மிஞ்சிக் கிடக்கும் பெரிய இலக்கங்களைக் கொடுப்பார்களாம்.

மாமாவுக்கு இந்தச் சங்கதிகளைச் சொல்லுவது அணியின் சாமான்களைப் பார்க்கும் பிரெஞ்சுக்காரர். மாமாவுக்குப் பிரெஞ்சு அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. இரண்டு அரைகுறையும் சேர்ந்து எப்படியோ முழுக் கதையாகிவிடும். லத்வியாக்காரர் பதினாறு வயதில் வீட்டை விட்டுச் சுவீடனுக்கு விளையாடப் போனவர். இளம் ஆட்டக்காரர்களைப் பெரிய அணிகள் பெயர் சொல்லித் தெரிவு செய்யும் நாளில் இவருடைய பெயரை ஒருவரும் சொல்லவில்லை. தானே டிக்கெட் எடுத்து அமெரிக்கா வந்து, ஒரு சின்ன அணியின் கதவைத் தட்டினார். ஆறு வருடம் சின்னச் சின்ன ஊர்களில், இரவிரவாக பஸ்ஸில் பிரயாணம் செய்து விளையாடியிருக்கிறார். இருபத்தேழு வயதில், யாரோ ஒருவருடைய முழங்கால் முறிந்ததால், பெரிய அணி இவரைக் கூப்பிட்டது. கோல் அடிப்பது இவருடைய வேலை இல்லை. எதிரணி அடிப்பதை உடம்பால் மறிப்பதுதான் வேலை.

"அடிக்கிற பக்குக்குக் குறுக்கை போய் விழுறதுதான் உவன்ரை உத்தியோகம்" என்றார் மாமா. பக் என்றால் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை. கல் மாதிரி இருக்கும். "அதுக்கும் என்னத்துக்குப் பிராக்டிஸ் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

மாமாவின் கோபம் பஸ் சம்பந்தமானது. அவருக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு டோர்வலில் இன்னொரு வேலை, விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் இடத்தில். புரோசார்டிலிருந்து பாலம் கடந்து, மெட்ரோ ஏறி, திரும்பவும் பஸ் பிடித்து டோர்வல் போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். பெரிய அணி பன்னிரண்டு மணிக்குத் தளத்தை விட்டு இறங்கும். மாமா மெசின் ஓட்டித் தளத்தைச் சரிசெய்துவிட்டுப் பன்னிரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனால் எல்லோரும் இறங்கிய பிறகு லத்வியாக்காரர் ஒரு வாளி நிறையப் பக்குகளை வைத்துக்கொண்டு தனியே நிற்பார். சுவரில் அடிப்பார், திரும்பி வருவதை மறிப்பார், திரும்ப அடிப்பார். மாமா மெசினில் ஏறி வாசலில் இருந்து பெருமூச்சு விடுவார். ஒரு மாதத்துக்குள் ஏற்கெனவே இரண்டு தரம் டோர்வலுக்குப் பிந்திப் போய்விட்டார். மூன்றாம் தரம் பிந்தினால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

"இந்த மனுசனுக்கு வீடு வாசல் இல்லையே?" என்று நான் கேட்டேன்.

"இல்லை" என்றார் மாமா. "அஞ்சு மாசமா ஹோட்டலிலை கிடக்கிறான். 'வீடு எடு' எண்டு மனேச்சர் சொன்னால்தான் இவங்கள் வீடு எடுக்கலாம். அப்பிடிச் சொன்னால் ஆள் நிரந்தரம். உவனுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. மனுசியும் பிள்ளையும் அங்கை லத்வியாவிலை பாத்துக்கொண்டு இருக்கினம்."

வெள்ளிக்கிழமைக்குள் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அணி முடிவு செய்யும் என்றும் சொன்னார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஐந்து மாதம் ஹோட்டலில் இருக்கக் கிடைத்தவரைப் பார்த்துப் பொறாமைதான் வந்தது. எனக்கு மனதில் நின்றது மாமாவின் பஸ்தான்.

இன்னுமொன்றும் மாமா சொல்லியிருந்தார். பக்குகளை ஆட்டத்துக்கு முன் குளிர்ப் பெட்டியில் வைப்பார்களாம், மீன் வைப்பதுபோல. சூடு ஏறினால் அது பந்து மாதிரித் துள்ளுமாம். மாமா சொல்லுகிற கதைகளில் பாதி பொய் என்று அம்மா எச்சரித்திருந்தபடியால் இதை நான் பொய்ப் பாதியில் சேர்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை உடுப்பு மாற்றும் அறைகளையும் நடைவழியையும் கூட்டிவிட்டு வந்த மாமா எனக்கு அம்மாவின் பேக்கரிப் பணிஸைத் தந்துவிட்டுத் தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சாமான் அறைக்கு வெளியே, நடைவழியில், ஐந்தாறு ஹொக்கி மட்டைகளை ஒன்றாகக் கட்டிச் சுவரில் சாத்தியிருந்தார்கள். மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"அது என்ன மாமா?"

"பார்சல். தொடாதை."

பன்னிரண்டு மணிக்கு அணி இறங்கியது. லத்வியாக்காரர் வழமைபோல வாளியைக் கரையில் வைத்துவிட்டு, மட்டைக்குப் புதிய நாடா சுற்ற உள்ளே போனார். மாமா மெசினுக்குத் தண்ணீர் நிரப்பப் போனார். நான் மூன்று நாளாகப் போட்டு வைத்திருந்த திட்டம் ஒன்று இருந்தது. பக் இல்லாவிட்டால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாவிட்டால் அவர் ஹோட்டலுக்குப் போவார், மாமா பஸ்ஸைப் பிடிப்பார். இதிலே ஓட்டை எங்கே என்று இன்றைக்கும் தர்க்கரீதியாக என்னால் சொல்ல முடியாது. வாளி என் பாதிப் பாரம் இருந்தது. இரண்டு கையாலும் இழுத்து இழுத்து, மாமாவின் துடைப்பங்கள் இருக்கும் சின்ன அறைக்குள் கொண்டுபோய், சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் தள்ளி, என்னுடைய குளிர் ஜாக்கெட்டையும் எடுத்து மேலே மூடினேன். பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளையாக வாங்கில் வந்து உட்கார்ந்தேன்.

லத்வியாக்காரர் வந்தார். வாளியைத் தேடினார். அங்கும் இங்கும் பார்த்தார். தோளைக் குலுக்கினார். அதோடு போய்விடுவார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, மனிதர் மட்டையைக் கரையில் சாத்திவிட்டு ஓடத் தொடங்கினார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அங்கே சடாரென்று நின்று, திரும்பவும் இங்கே. இருபது தரம் வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை. உழைக்கிற மனிதரிடமிருந்து எதைப் பறித்தாலும் அவர் மிச்சத்தை வைத்து உழைப்பார் என்று எட்டு வயதில் யாருக்குத் தெரியும்?

அரை மணி நேரத்துக்குப் பிறகு மாமா எதற்கோ அந்தச் சின்ன அறைக்குள் போனார். வாளியோடு வெளியே வந்தார். கையில் என் ஜாக்கெட் இருந்தது. அதை என் மடியில் போட்டார். ஏசுவார் என்று பார்த்தேன். அவர் நேரே கரைக்குப் போய் "சொறி, சொறி, கிளீனிங்" என்று லத்வியாக்காரரிடம் வாளியைக் கொடுத்தார். பழி தன்னுடையதாகிவிட்டது.

லத்வியாக்காரர் தலையாட்டிவிட்டு ஒரு பக்கைத் தளத்தில் போட்டார். அது துள்ளி அவருடைய முழங்காலில் பட்டது. அடித்தார், அது தவளை மாதிரித் தாவி மட்டைக்கு மேலால் போனது. இன்னொன்றைப் போட்டார், அதுவும் அப்படித்தான். அவர் குனிந்து ஒன்றை எடுத்து, கையுறையைக் கழற்றி, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. மாமா சொன்ன கதைகளில் எது எது உண்மையாக இருக்கும் என்று நான் முதல் தடவையாகப் பயந்தேன்.

மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது. அப்போது புறப்பட்டிருந்தால்கூட ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அவர் வாளியில் பக்குகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே போனார். மெசின் வழித்தெடுக்கும் பனியையெல்லாம் கொட்டும் மேடு அங்கே ஆள் உயரத்துக்கு இருந்தது. மாமா முழங்காலில் இருந்து, பனியில் குழி குழியாகத் தோண்டி, பக்குகளை ஒவ்வொன்றாகப் புதைக்கத் தொடங்கினார். நாற்பது பக். நானும் பின்னால் போய், கேட்காமலே பக்கத்தில் இருந்து புதைத்தேன். விரல் விறைத்தது. அழுகை வந்தது, விரலுக்காக அல்ல.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்து சேர்ந்தார். தம்பியும் மகளும் கிழங்கு நடுவதுபோலப் பனியில் குனிந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, உனக்கு விசரே? பஸ்சுக்கு நேரம் போட்டுதெல்லே!"

"போட்டுது அக்கா. அடுத்ததிலை போறன்."

"மூண்டாம் தரமெல்லே. அவங்கள் நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"நிப்பாட்டினால் நிப்பாட்டட்டும்" என்றார் மாமா. என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மாவிடம் எனக்கு நல்ல அடி விழுந்திருக்கும். அது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

பக்குகள் பனிக்குள் குளிரும் வரை மாமா சும்மா இருக்கவில்லை. உள்ளே போய் லத்வியாக்காரரைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, மெசினை ஓட்டித் தளத்தை முழுவதும் புதிதாக்கினார். பெரிய ஆட்டத்துக்குச் செய்வதுபோல மூலை மூலையாகச் செய்தார். பிறகு பனியிலிருந்து எடுத்த பக்குகளை வாளியில் கொண்டுவந்து வைத்தார். கீறல் ஒன்றும் இல்லாத அந்தத் தளத்தில் லத்வியாக்காரர் தனியாக நின்று அடித்தார், மறித்தார், விழுந்து எழும்பினார். மாமா மெசினில் ஏறி வாசலில் இருந்தார். அந்தப் பன்னிரண்டே முக்கால் பஸ் போனது. அடுத்ததும் போனது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே வாங்கில் இருந்தார். மாமா என்னைத் தண்டிப்பதற்காகத்தான் இப்படி அசையாமல் இருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பார், உன்னால் வந்த வினையைப் பார் என்று காட்டுகிறார்.

இரண்டு மணிக்கு லத்வியாக்காரர் வியர்வை சொட்டச் சொட்டக் கரைக்கு வந்தார். இங்கே பிரெஞ்சுதான் பேச வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மாமாவிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவருடைய பிரெஞ்சு மாமாவுடையதை விட மோசம். மாமா என்னைப் பார்த்தார். வீட்டில் பிரெஞ்சுக்கு நான்தான் பொறுப்பு.

"இந்தப் பக்கத்திலை வாடகைக்கு வீடு இருக்கோ எண்டு கேக்கிறார், மாமா. மனுசியும் பிள்ளையும் வந்தால் இருக்கிறதுக்காம்."

மாமா ஸ்டீயரிங்கில் இருந்த ஈரத்தைத் துணியால் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"எங்கடை தெருவிலை ஒண்டு இருக்கெண்டு சொல்லு" என்றார் கடைசியில். "நல்ல வெயில் விழுற வீடு. பின்னாலை பிள்ளை விளையாட இடமும் இருக்கெண்டு சொல்லு."

எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அம்மா வாயைத் திறக்க, மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். மாமா சொல்லச் சொன்னதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். வெயில் என்ற இடத்தில் லத்வியாக்காரருடைய முகம் மலர்ந்தது. மெர்சி, மெர்சி என்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் தலையையும் தடவினார். வாளியைத் திருடிய தலை அது.

அன்றைக்கு மாமா டோர்வலுக்கு நாலே கால் மணிக்குப் போனார், ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை போய்விட்டது. "எல்லாம் அந்த லத்வியாக்காரனாலை வந்தது" என்று அப்பாவிடம் சொன்னார். நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தளத்தில் எழுபத்து நான்கு இல்லை. நடைவழியில் மட்டைக் கட்டும் இல்லை. சின்ன அணிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். சூடேறிய பக்கினால் அவருடைய கடைசிப் பயிற்சி கெட்டுவிட்டது, அதை மனேச்சர் எங்கிருந்தோ பார்த்துவிட்டார் என்பது என் முடிவு. ஒரு மனிதருடைய வீட்டையும் இன்னொரு மனிதருடைய வேலையையும் ஒரே வாளியில் தொலைத்த பாவத்தை நான் ஒருவரிடமும் சொல்லாமல் பல வருடம் சுமந்தேன். பிரெஞ்சுப் பாடத்தில் லத்வியா என்ற சொல் வந்தாலே அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

பதினேழு வயதில் அதே அரங்கத்தில் எனக்கு வார இறுதி வேலை கிடைத்தது. மாமா அதற்குள் வேறு வேலைக்குப் போய், கல்யாணமும் கட்டி, கட்டிலும் வாங்கிவிட்டார். ஒருநாள் விடியவே போனபோது நடைவழியில் மட்டைக் கட்டு ஒன்று சாத்தியிருந்தது. சீட்டில் ஓர் இளம் ஆட்டக்காரருடைய பெயரும் சின்ன அணியின் ஊரும் எழுதியிருந்தன. அவர் அப்போது உள்ளே சிரித்துப் பேசிக்கொண்டு சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். ஆளுக்குச் சொல்ல முன்னம் சாமானைக் கட்டுவதுதான் இங்கே வழக்கம் என்று அங்கு வேலை செய்த ஒருவர் சொன்னார். நான் அந்தச் சுவரில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன். அந்த வியாழக்கிழமை விடிய நடைவழியைக் கூட்டியது மாமாதான். அந்தச் சீட்டை அவர் வாசிக்காமல் இருந்திருக்க முடியாது.

மெசின் நிற்கும் வாசலில் ஓர் அறிவித்தல் தொங்கியது. நான் முதல் நாளிலிருந்து பார்த்து வந்ததுதான், அன்றைக்குத்தான் வாசித்தேன். நேரம் முடிந்ததும் ஒரு நீண்ட ஹார்ன், அதன் பிறகு யாராக இருந்தாலும் தளத்தை விட்டு இறங்க வேண்டும். பெரிய அணிக்கும் இதேதானா என்று கேட்டேன். அவர்களுக்கும் பன்னிரண்டு மணிதான் என்றார்கள்.

லத்வியாக்காரர் அதற்குப் பிறகு இந்த நகரத்துக்கு விளையாட வரவில்லை. சில வருடம் கழித்துத் தேடி வாசித்தேன். இரண்டு வருடம் சின்ன அணியில் பஸ் பிரயாணம், பிறகு ஜெர்மனி, சுவிஸ், கடைசியில் சொந்த நாடு. முப்பத்தெட்டு வயது வரை அடிக்கிற பக்குக்குக் குறுக்கே போய் விழுந்திருக்கிறார். ஒரு படத்தில் அவருக்குப் பின்னால் ஒரு வீட்டு முற்றம் தெரிந்தது, வெயிலும் இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன் என்று வெட்கமில்லாமல் சொல்லுவேன்.

மாமாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இருந்தோம்.

"மாமா, அந்த லத்வியாக்காரர் ஒவ்வொரு நாளும் பிந்தினவர். நீங்கள் ஏன் ஒருநாளும் ஹார்ன் அடிக்கேல்லை?"

மாமா ரிமோட்டைத் தேடினார். அது அவருடைய கையிலேயே இருந்தது.

"அந்த நேரம் ஹார்ன் பழுது, பிள்ளை" என்றார்.

நான் ஓம் என்றேன். அவர் அழுத்தாத அந்த ஹார்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான், ஒவ்வொரு நாளும் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த வியாழனுக்கு இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, பிள்ளைகள் நாங்கள் ஒரு நிமிடம் பிந்திவிட்டோம் என்று அவர் அடித்த ஹார்னுக்கு நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கரைக்கு ஓடியது எனக்கு நல்ல நினைவு.